பாலம் அப்படியே, பாதை மட்டும் மாறியது: ஸ்பிரிங்ஃபீல்ட் சந்திப்பு, 2009

சந்திப்பில் நெரிசல் என்றால் நம் ஊரில் அடுத்து வரும் சொல் மேம்பாலம். மேம்பாலம் இருக்கும் இடத்திலேயே நெரிசல் வந்தால் அதைவிடப் பெரிய மேம்பாலம். சாலைத் துறையில் இருப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, நானும் விதிவிலக்கில்லை. அதனால்தான், பெருகிவந்த போக்குவரத்தைச் சமாளிக்கப் பாலத்தில் ஒரு அடிகூட அகலம் கூட்டாமல் முடிந்துபோன ஒரு பணியை முதலிலிருந்து கடைசிவரை எழுதிவைக்கத் தோன்றியது. இடம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட். சந்திப்பு திறக்கப்பட்டது 2009 ஜூன் 21.

படிக்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். எதிரே வரும் வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரும்ப வேண்டிய தொல்லை நமக்கு வலப்புறத் திருப்பத்தில். அவர்களுக்கு இடப்புறத் திருப்பத்தில். கீழே "இடப்புறத் திருப்பம்" என்று வரும் இடமெல்லாம் நம் வலப்புறத் திருப்பத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பின்னணி

ஸ்பிரிங்ஃபீல்ட் மிசூரியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் நகரம். சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலிஸையும் இணைக்கும் சாலைக்கு 66 என்ற எண்ணைக் கேட்டு 1926 ஏப்ரல் 30 அன்று தந்தி போனது இங்கிருந்துதான். அந்தப் பெருமையை ஊர்க்காரர்கள் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. பிற்காலத்தில் அந்தப் பழைய சாலையின் வேலையை இன்டர்ஸ்டேட் 44 என்ற அதிவேகச் சாலை ஏற்றுக்கொண்டது. அது நகரத்தின் வடக்கு ஓரமாகக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. நகரத்துக்குள்ளிருந்து வடக்கே வரும் கான்சஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற நகரச் சாலை, பாலம் ஏறி அதைக் கடந்து, மாநில நெடுஞ்சாலை 13 ஆகக் கான்சஸ் சிட்டி இருக்கும் திசையில் போகிறது.

இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருந்தது வெகு சாதாரணமான வைர வடிவச் சந்திப்பு. அதிவேகச் சாலை கீழே, நகரச் சாலை மேலே, நான்கு மூலையிலும் நான்கு இணைப்புச் சாலைகள்: இரண்டு ஏறுவதற்கு, இரண்டு இறங்குவதற்கு. பாலத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு சிக்னல். மேலிருந்து பார்த்தால் நான்கு இணைப்புகளும் சேர்ந்து ஒரு வைரக்கல்லின் வடிவம் தெரியும். செலவும் குறைவு, நிலமும் குறைவாகத்தான் தேவைப்படும் என்பதால் அமெரிக்கா முழுக்க இந்த வடிவத்தைத்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள்.

பணப்பையின் நிலையும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி. மிசூரி மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பில் இருப்பவை 33,000 மைலுக்கு மேற்பட்ட சாலைகள். அந்நாட்டின் மிகப் பெரிய மாநிலச் சாலை வலைகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பணம் தரும் பெட்ரோல் வரியோ 1996 முதல் ஒரு கேலனுக்கு 17 சென்ட் என்ற இடத்திலேயே நின்றிருந்தது. 2021 வரை அது அசையவில்லை. இந்த நெருக்கடியில்தான், 2000களின் நடுவில், அத்துறை "நடைமுறை வடிவமைப்பு" என்றொரு கொள்கையைக் கையிலெடுத்தது. ஒவ்வொரு பணியையும் தலைசிறந்ததாகச் செய்ய முற்படாமல், நல்ல பணிகள் பலவற்றைச் செய்து மொத்த வலையையும் சிறப்பாக்குவோம் என்பது அதன் சாரம். அலுவலகச் சுவரில் மாட்டிவைக்கும் வாசகம் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் இந்தச் சந்திப்பில் அது நிஜமாகவே முடிவுகளை வளைத்தது.

சந்திப்பில் காணப்பட்டது

நகரம் வளர்ந்தது, வண்டிகள் பெருகின. நெரிசல் வந்தது. இதில் புதுமை ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது, நெரிசல் எந்த இடத்தில் முடிச்சு போட்டுக்கொண்டது என்பது.

நேராகப் போகிறவர்களால் வந்த சிக்கல் இல்லை இது. நகரத்திலிருந்து வடக்கே வந்து, பாலம் ஏறி, மேற்கு நோக்கி அதிவேகச் சாலையில் இறங்க விரும்புகிறவர் பாலத்தின் வடமுனையில் இடப்புறம் திரும்பவேண்டும். வடக்கிலிருந்து வந்து கிழக்கே போகிறவருக்கு அதே திருப்பம் தென்முனையில். இரண்டு திருப்பத்துக்கும் காத்து நிற்கும் தடங்கள் எங்கே இருக்கும்? பாலத்தின் மேலேதான், முதுகோடு முதுகாக.

அந்தத் தடத்தில் நிற்கும் ஒருவரோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்புக்குறி பச்சையாகிறது. முதல் வண்டிக்காரர் அதைக் கவனித்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து நகர்வதற்குள் இரண்டு மூன்று வினாடி போய்விடும். பிறகு வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி. அம்புக்குறி 15 வினாடி எரிகிறது என்று வைத்தால் ஒரு தடத்தில் ஆறேழு வண்டி கழியும். எட்டாவது வண்டி அடுத்த சுற்று வரை நிற்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பத்து வண்டி வந்து சேர்ந்தால் மூன்று மூன்றாக மிச்சம் விழும். பாலத்தின் மேலுள்ள தடம் நிறையும். வால் நேர்த்தடத்துக்குள் நீளும். திரும்பவே வேண்டாதவரும் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். பச்சை எரியும், யாரும் நகரமாட்டார்கள்.

அம்புக்குறிக்கு நேரத்தைக் கூட்டினால் என்ன? கூட்டலாம். கூட்டிய ஒவ்வொரு வினாடியும் எதிரே வரும் நேர்வரிசையிடமிருந்தோ, இணைப்புச் சாலையில் இறங்கி நிற்பவரிடமிருந்தோதான் எடுக்கப்படவேண்டும். இணைப்புச் சாலையில் வரிசை நீண்டால் அதன் வால் அதிவேகச் சாலையையே தொடும். 70 மைல் வேகத்தில் வருகிறவர் எதிரே நின்றிருக்கும் வண்டியின் பின்புறத்தைப் பார்ப்பார். எந்தப் பொறியாளரும் அதற்குத் துணியமாட்டார்.

ஆக, ஒவ்வொரு முனையிலும் சிக்னலின் ஒரு மணி நேரத்தை மூன்று பேர் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்: நேராகப் போகிறவர், இடப்புறம் திரும்புகிறவர், கீழிருந்து ஏறி வருகிறவர். பங்குதாரர்களின் எண்ணிக்கை குறையாதவரை யாருக்கும் வயிறு நிறையாது.

வழக்கமான வழி

வழக்கமான தீர்வு, பாலத்தை அகலப்படுத்தி இடப்புறத் திருப்பத்துக்கு இன்னும் தடங்கள் தருவது. அதற்கு மதிப்பிட்ட செலவு சுமார் 1 கோடி டாலர். கீழே அதிவேகச் சாலை ஓடிக்கொண்டிருக்க மேலே பாலத்தில் கைவைக்கும் வேலை என்பதால் அது ஒரு கட்டுமானப் பருவத்தில் முடிவதில்லை.

நம் கத்திப்பாராவில் 2008இல் திறந்ததைப் போன்ற பூவிதழ் வடிவம் இன்னொரு மரபான வழி. திருப்பங்களை வட்டமாகச் சுற்றிவிட்டுச் சிக்னலே இல்லாமல் செய்துவிடலாம். ஆனால் நான்கு இதழுக்கும் நிலம் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இதழ்களுக்கு நடுவே ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவர் தடத்தை ஒருவர் குறுக்கிட்டு இடம் மாற்றிக்கொள்ள வேண்டிய இழுபறியும் உண்டு. அந்த இழுபறிக்குப் பயந்தே அமெரிக்காவில் பல பழைய பூவிதழ்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு திருப்பங்களையும் பாலத்தின் நடுவே ஒரே சிக்னலுக்குக் கொண்டுவரும் வடிவமும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் பாலத்தையே புதிதாகக் கட்டவேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: காங்கிரீட்.

மாற்று யோசனை வந்த வழி

இடப்புறத் திருப்பம் தொல்லையாவதற்குக் காரணம், எதிர்வரிசை குறுக்கே வருவது. பாலத்தின் மேல் மட்டும் இரு வரிசைகளும் பக்கம் மாறிக்கொண்டால்? வடக்கே போகிறவர் பாலத்துக்குச் சற்று முன்பே, சிக்னலில், சாலையின் இடப்பக்கத்துக்கு மாறிவிடுகிறார். பாலம் முழுக்க இடப்பக்கமாகவே போகிறார். வடமுனையில் அதிவேகச் சாலைக்குத் திரும்ப வேண்டியவர் அப்படியே இடப்புறம் நழுவிவிடலாம். குறுக்கே யாரும் இல்லை, சிக்னலும் வேண்டாம். நேராகப் போகிறவர் மறுமுனைச் சிக்னலில் மீண்டும் வலப்பக்கத்துக்கு வந்துவிடுகிறார். கீழிருந்து ஏறி வந்து இடப்புறம் திரும்புகிறவரும் எதிர்வரிசையை வெட்டாமல் தன் வரிசையோடு சேர்ந்துகொள்வார்.

வார்த்தையில் படித்தால் தலை சுற்றும். சிக்குக் கோலத்தில் இரண்டு இழைகள் ஒரு புள்ளிக்கு முன்னால் ஒன்றையொன்று கடந்து, புள்ளியின் இருபக்கமும் ஓடி, மறுபடி கடந்து தத்தம் பக்கத்துக்குத் திரும்புமே, அதுதான் இது. புள்ளி இருக்கும் இடத்தில் பாலம். ஆங்கிலத்தில் இதற்கு டைவர்ஜிங் டைமண்ட் இன்டர்சேஞ்ச் என்று பெயர். இங்கே தடம் மாறும் வைரச் சந்திப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

இதன் விளைவு சிக்னல் பெட்டியில் தெரியும். மூன்று பங்குதாரர் இரண்டாகிறார்கள். ஒவ்வொரு முனையிலும் இரண்டு நேர்வரிசைகள் மட்டும் மாறி மாறிப் பச்சை வாங்கிக்கொள்ள, திருப்பங்கள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். தாளில் எண்ணிப் பார்த்தால், சாதாரண வைரத்தில் வண்டித் தடங்கள் பிரிந்து, சேர்ந்து, வெட்டிக்கொள்ளும் இடங்கள் 26, இதில் 14. அதிலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்கள் 10லிருந்து 2 ஆகின்றன. பலத்த அடி விழுவது பெரும்பாலும் இந்தக் குறுக்குவெட்டு இடங்களில்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. காத்திருக்கும் திருப்பத் தடங்கள் பாலத்தின் மேல் இனித் தேவையே இல்லை. போதவில்லை என்று நினைத்த அதே பாலம் போதுமானதாகிவிடுகிறது. பாலம் குறுகலாகத் தெரிந்ததற்குக் காரணம் பாலத்தில் இல்லை, பாதைகளை அதன்மேல் போட்டிருந்த விதத்தில் இருந்தது.

இந்த வடிவம் மிசூரியில் பிறந்ததில்லை. பிரான்ஸில் வெர்சாய் அருகே ஏ13 நெடுஞ்சாலையில் 1970களிலிருந்தே இப்படி ஒரு சந்திப்பு ஓசையில்லாமல் இயங்கிவந்தது. அமெரிக்காவில் இதைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் கில்பர்ட் க்ளெவிக்கி. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது யோசித்ததை 2003இல் ஒரு கருத்தரங்கில் கட்டுரையாகப் படித்தார். அங்கிருந்து சாலையில் பெயின்ட் விழ ஆறு ஆண்டு ஆனது.

தயக்கமும் சோதனையும்

நியாயமான பயம் ஒன்று குறுக்கே நின்றது. பிறந்ததிலிருந்து வலப்பக்கமே ஓட்டிப் பழகியவரை நடுவழியில் இடப்பக்கம் போகச் சொல்கிறோம். ஒருவர் குழம்பி எதிர்த்தடத்தில் நுழைந்தால் நேருக்கு நேர் மோதல். வண்டிகள் வரிசையில் காத்திருப்பது எரிச்சல். எதிர்த்தடத்தில் நுழைவது மரணம். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க யாருக்கும் மனம் வராது.

மிசூரியில் இந்த வடிவத்தை முதலில் யோசித்தது கான்சஸ் சிட்டியில் உள்ள வேறொரு சந்திப்புக்கு. அதையொட்டி, வர்ஜீனியாவில் இருக்கும் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஆய்வு மையத்தில் ஒரு சோதனை நடந்தது. நிஜக் கார் ஒன்றின் முன் திரையில் சாலை ஓட, 74 ஓட்டுநர்களை அந்தச் சந்திப்பின் வழியாக ஓட்டச் செய்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. சாதாரண வைரச் சந்திப்போடு ஒப்பிட்டால், எதிர்த்தடத்தில் நுழையும் தவறு இதில் அதிகமாகவில்லை.

அதற்குக் காரணம் மனிதரின் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. வடிவமைப்பு அவர்களை யோசிக்கவே விடுவதில்லை. கடக்கும் இடத்தில் ஓட்டுநர் என்ன பார்க்கிறார்? சிக்னலுக்கு அப்பால் தன் தடத்தின் கோடுகள் நேராக எதிர்ப்பக்கம் வரை நீள்கின்றன. வலப்புறம், வழக்கமாகப் போயிருக்கவேண்டிய பக்கம், உயர்ந்த திட்டால் அடைபட்டிருக்கிறது. அதில் நுழையக்கூடாது என்ற பலகை. தரையில் அம்புக்குறிகள். அவர் மனத்தில் "இடப்பக்கம் மாறுகிறேன்" என்ற எண்ணமே வராமல் ஒரு குறுக்குச் சாலையைக் கடந்தது போலக் கடந்துவிடுகிறார். இந்த மாயம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: இரு வரிசைகளும் வெட்டிக்கொள்ளும் கோணம். கோணம் மிகக் கூர்மையாகப் போனால் கடக்கும் இடம் சந்திப்பாகத் தெரியாது. எதிர்த்தடம் நேரே நீளும் சாலை போலக் கண்ணுக்குப்பட்டு இழுக்கும். 40 முதல் 50 பாகை வரை இருந்தால் கண் ஏமாறாது. அந்தக் கோணத்துக்கான வளைவு வேகத்தையும் தானாகக் குறைத்துவிடுகிறது.

முடிவும் கட்டுமானமும்

ஸ்பிரிங்ஃபீல்டில் முடிவு இந்த வடிவத்தின் பக்கம் சாய்ந்ததற்கு மூன்று சூழ்நிலைகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. தொல்லையின் மையமே இடப்புறத் திருப்பம். பாலம் நல்ல நிலையில் இருந்தது. செலவோ சுமார் 32 லட்சம் டாலர், அகலப்படுத்துவதில் மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்றும் இருக்கிறது, அறிக்கைகளில் எழுதமாட்டார்கள்: தோற்றால் திரும்பலாம். பாலத்தைத் தொடாத வேலை என்பதால், மோசமாகப் போனால் திட்டுகளைப் பெயர்த்துக் கோடுகளை அழித்து, பழைய வைரத்துக்கே போய்விட முடியும். 1 கோடி டாலர் காங்கிரீட்டைத் திரும்பப் பெறும் வழி எந்த நாட்டிலும் இல்லை.

2009 தொடக்கத்தில் இறங்கிய வேலை ஆறு மாதத்துக்குள் முடிந்தது. இரு முனையிலும் கடக்கும் இடத்துக்கான தரைவேலை, புதிய திட்டுகள், சிக்னல் கம்பங்கள், பலகைகள். மக்களுக்கு விளக்கம் சொல்ல அசைபடங்கள். வரைபடத்தைக் காட்டினால் முகம் சுளித்தவர்களுக்கும் ஓடும் படத்தைக் காட்டினால் புரிந்தது.

நடந்து செல்பவர்களுக்கான முடிவைத் தனியாகச் சொல்லவேண்டும். பாலத்தின் வெளி ஓரங்களில் நடைபாதை போட்டால், சிக்னல் இல்லாமல் நழுவும் திருப்பத் தடங்களைக் கால்நடையாகக் கடக்கவேண்டும். ஆகவே நடைபாதையைப் பாலத்தின் நட்டநடுவில் வைத்தார்கள். இருபக்கமும் இடுப்புயர காங்கிரீட் தடுப்பு. முனைச் சிக்னலில் நடுவுக்கு வந்து, பாலம் முழுக்கத் தடுப்புகளுக்கு இடையே நடந்து, மறுமுனைச் சிக்னலில் வெளியே போகவேண்டும். பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் இருபுறமும் வண்டிகள் பாய நடுவில் ஒற்றையாக நடக்கும் அந்த அனுபவம் யாருக்கும் உவப்பாக இருந்திருக்காது.

ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளைக் குறைந்த கூட்டத்தில் கழிக்க அதைவிடப் பொருத்தமான கிழமை இல்லை. இந்த வகையில் அமெரிக்காவில் திறக்கப்பட்ட முதல் சந்திப்பு இது. முதலில் பேசப்பட்ட கான்சஸ் சிட்டியை ஸ்பிரிங்ஃபீல்ட் முந்திக்கொண்டது.

திறந்த பிறகு

பயந்தது நடக்கவில்லை. 2011இல் மாநிலத் துறைக்காகச் செய்த மதிப்பீட்டின்படி, முதல் ஆண்டில் அங்கே நடந்த மொத்த விபத்துகள் 46 விழுக்காடு குறைந்தன. எதிர்வரிசையை வெட்டித் திரும்பும்போது நேரும் விபத்துகள் அறவே இல்லாமல் போயின. வெட்டுவதற்கு எதிர்வரிசை இல்லாதபோது அது இயல்பே. திருப்ப வரிசைகள் சுருங்கின. கேட்கப்பட்ட பொதுமக்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் போக்குவரத்து சீரானதாகச் சொன்னார்கள். பாப்புலர் சயின்ஸ் இதழ் 2009ஆம் ஆண்டின் சிறந்த புதுமைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

அந்த 46ஐ அப்படியே தூக்கிப் பிடிக்கவேண்டியதில்லை. ஒரு சந்திப்பு, ஒரே ஒரு ஆண்டு. விபத்து எண்ணிக்கை தானாகவே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். மோசமான ஆண்டுகளைப் பார்த்துப் பணியைத் தொடங்கினால் அடுத்த ஆண்டு எதுவும் செய்யாமலேகூடச் சற்று நன்றாகத் தெரியும். பிற்பாடு ஏழு சந்திப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் மொத்த விபத்துகள் 33 விழுக்காடும், காயம் விளைவித்தவை 41 விழுக்காடும் குறைந்திருந்தன. நான் திட்டம் போட்டால் இந்த எண்களைத்தான் எடுப்பேன். பின்னாலிருந்து இடிக்கும் விபத்துகள் இந்த வடிவத்தால் மறைந்துவிடுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். சிக்னல் இருக்கும்வரை நிற்பவரும் இருப்பார், கவனிக்காதவரும் இருப்பார்.

சிலருக்குக் கிடைத்தது குறைவு. திருப்பமில்லாமல் நேராகப் போகிறவருக்கு இது பெரிய வரம் இல்லை. வளைவில் வேகம் குறைக்கவேண்டும். இரு முனைகளிலும் எதிரெதிர் வரிசைகள் மாறி மாறித்தான் பச்சை பெறும் என்பதால், வடக்கே போகிறவருக்கும் தெற்கே வருகிறவருக்கும் ஒரே நேரத்தில் தடையில்லாத பச்சைத் தொடர் அமைப்பது கடினம். காலையில் ஒரு திசைக்கும் மாலையில் மறு திசைக்கும் சாதகமாக வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

இன்று செய்தால் மாற்ற வேண்டியவை

முதலில் பக்கத்துச் சிக்னல்கள். சந்திப்பிலிருந்து விரைவாக வெளியேறும் கூட்டம் அடுத்த சிக்னலில் போய் முட்டினால் அதன் வால் பின்னோக்கி வளர்ந்து கடக்கும் இடத்தையே அடைத்துவிடும். கடக்கும் இடத்தில் வண்டி தேங்கினால் இரண்டு திசையும் சேர்ந்து செத்துப்போகும். ஆகவே பணியின் எல்லையைப் பாலத்தோடு நிறுத்தாமல் இருபுறமும் அடுத்த சிக்னல் வரை எடுத்துக்கொள்ளவேண்டும். அவற்றில் சில திருப்பங்களை மூடவேண்டியும் வரலாம், கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும்.

அடுத்தது, கீழிருந்து ஏறி வந்து வலப்புறம் திரும்புகிறவரின் கண். வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர் பழக்கத்தில் ஒரு திசையைப் பார்ப்பார். வரிசைகள் பக்கம் மாறியிருப்பதால் அவருக்கு ஆபத்தான வண்டி வேறு தடத்திலிருந்து வரும். அந்தத் திருப்பத்தைச் சிக்னலுக்குள் கொண்டுவந்து, சிவப்பில் திரும்புவதைத் தடைசெய்வது நல்லது. பாலத்தின் மேல் எதிரே வருபவரின் விளக்கொளி பழகாத பக்கத்திலிருந்து அடிக்கும்; நடுத்தடுப்பை உயர்த்தினால் அதுவும் தீரும்.

மூன்றாவது, பெரிய சுமை லாரிகள். சாதாரண வைரத்தில், பாலத்தின் உயரம் போதாத லாரி இணைப்புச் சாலையில் ஏறி, நகரச் சாலையை நேராகக் கடந்து, மறுபக்க இணைப்பில் இறங்கிவிடலாம். கீழே விபத்து நடந்து சாலையை மூடினாலும் மொத்தப் போக்குவரத்தையும் அப்படியே மேலே ஏற்றி இறக்கலாம். தடம் மாறும் வைரத்தில் அந்த நேர்வழி கிடையாது. பெருஞ்சுமை அடிக்கடி ஓடும் வழித்தடமானால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு வடிவம் தேட நேரலாம்.

நம் சாலைகளுக்கு என்று வரும்போது, இடமும் வலமும் மாற்றிப் போட்டால் வடிவம் பொருந்தும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் கலவுண்ட்ராவில் அப்படியொன்று கட்டியும்விட்டார்கள். எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். மேலே சொன்ன வடிவமைப்பின் பலமெல்லாம், எல்லோரும் தரைக்கோட்டையும் திட்டையும் மதித்துப் போவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அரை கிலோமீட்டர் சுற்றவேண்டுமே என்று எதிர்த்தடத்தில் ஓரமாக வரும் இருசக்கர வண்டி, சாதாரணச் சாலையில் ஓரத்திலேயே வந்து போய்விடும். இங்கே இரு வரிசையும் பக்கம் மாறும் இடத்தில் அந்த "ஓரம்" எது? இணைப்புச் சாலையின் வாயிலில் ஆள் ஏற்ற நிற்கும் ஷேர் ஆட்டோ, நழுவிப் போகவேண்டிய திருப்பத்தையே அடைத்துவிடும். இங்கே இதைத் திட்டமிடுகிறவர் சிக்னல் கணக்கைத் தொடும் முன், ஒரு வாரம் அந்த இடத்தில் நின்று, எதிர்த்தடத்தில் வரும் வண்டிகளை எண்ணவேண்டும். ஏன் வருகிறார்கள் என்றும் கேட்கவேண்டும். அவர்களுக்கு அருகிலேயே ஒரு திரும்புமிடம் கொடுத்த பிறகே மற்றதெல்லாம்.

ஸ்பிரிங்ஃபீல்ட் மாநகரம் தன் முடிவைத் தானே மதிப்பிட்ட விதமும் பதிவாகவேண்டும். 2010இல் அதே நகரத்தின் தெற்கே, நேஷனல் அவென்யூ 60ஆம் எண் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில், இரண்டாவது தடம் மாறும் வைரச் சந்திப்பு திறக்கப்பட்டது. அதற்கு மிக அருகில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. ஆம்புலன்ஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன.